மான் பொதுச்சொத்து, நிலம் தனிச்சொத்து

நேயர்களுக்கு வணக்கம்.

டெக்சஸில் குடியிருப்பவருக்கு ஒரு வருட வேட்டை லைசென்ஸ் 25 டாலர். ஒரு குடும்பம் வெளியே போய் ஒருவேளை சாப்பிட்டாலே அதைவிட அதிகம் ஆகிவிடும். ஆனால் அந்த லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, எங்கே போய் வேட்டையாடுவது?" என்று கேட்டால்தான் உண்மையான செலவு தெரியவரும். இந்த மாநிலத்தின் நிலத்தில் கிட்டத்தட்ட 95 சதவீதம் தனியாருடையது. பெரும்பாலான இடங்களில், வேலிக்கு அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டுமென்றால் யாருக்காவது பணம் கொடுத்தாக வேண்டும். அந்தத் தொகை வருடத்துக்கு வருடம் ஏறுகிறது, அப்படிக் கிடைக்கிற நிலமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கும், எனக்குத் தெரியும். நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்பது குற்றம். அது சரியான முடிவுதான். இங்கே கதை வேறு மாதிரிப் போயிற்று. 1900 வாக்கில், இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தைக்காகச் சுட்டுச் சுட்டு, அமெரிக்கா முழுவதிலும் வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தன. காட்டு இறைச்சியை விற்பதைத் தடுத்தார்கள். சீசன் வைத்தார்கள், ஆளுக்கு இத்தனை மான்தான் என்று வரம்பு வைத்தார்கள். இன்று சுமார் 3 கோடி மான்கள் இருக்கின்றன. டெக்சஸில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். ஓநாயும் பூமாவும் இல்லாத ஊர்ப்புறங்களில் இந்த எண்ணிக்கையை ஓரளவு கட்டுக்குள் வைத்திருப்பது வேட்டைதான். மான் பெருகிப்போன இடங்களில் அடிக்காட்டில் ஒரு கன்றுகூடத் தலைதூக்காது. இரவில் சாலையில் மானை மோதிய காரைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு.

இந்த அமைப்பின் அடியில் ஓர் அருமையான எண்ணம் இருக்கிறது. காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மான் ராஜாவுக்கும் பிரபுவுக்கும் உரியதாக இருந்தது. பசிக்கு ஒன்றைப் பிடித்த ஏழை தண்டனைக்கு உள்ளானான். அந்த வழக்கம் இங்கே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தார்கள். 1776-ல் எழுதிய பென்சில்வேனியா அரசியல் சாசனத்திலும், 1777-ல் எழுதிய வெர்மான்ட் சாசனத்திலும், வேலியடைக்காத நிலத்தில் குடிமக்கள் வேட்டையாடலாம் என்றே இருக்கிறது. மானுக்குச் சொந்தக்காரன் அரசு, அதுவும் மக்களின் சார்பில் மட்டும். டெக்சஸில்கூட, எட்டடி வேலி போட்டு அடைத்தாலும், உள்ளே நிற்கும் காட்டு மான் பண்ணைக்காரருக்குச் சொந்தம் ஆகிவிடாது.

ஆனால் மான் நிற்கும் மண் அவருக்குச் சொந்தம். பிரச்சினை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

டெக்சஸ் ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது, இந்த மாநிலம் தன் பொது நிலத்தை மத்திய அரசிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டது. அப்புறம் ரயில் கம்பெனிகளுக்கு, பள்ளிக்கூட நிதிக்கு, பழைய வீரர்களுக்கு என்று துண்டு துண்டாகக் கொடுத்துத் தீர்த்தது. ஆஸ்டினில் நிற்கிற சட்டமன்றக் கட்டடத்துக்குக் கூலியாகவே 30 லட்சம் ஏக்கர் போனது. மாநிலத்தின் மொத்தப் பரப்பு சுமார் 17 கோடி ஏக்கர். இன்று 48 டாலர் பெர்மிட் வாங்கினால் பொதுமக்கள் வேட்டைக்குப் போகக்கூடிய நிலம் அதில் ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

மீதிக்குக் குத்தகைதான். இங்கே எல்லாரும் 'லீஸ்' என்றுதான் சொல்வார்கள். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு பண்ணையில் வருடக் குத்தகை எடுப்பார்கள். பரண் போடுவார்கள், சோளம் கொட்டும் ஃபீடர் வைப்பார்கள், பழைய டிரெய்லர் ஒன்றை இழுத்துவந்து தங்குமிடம் ஆக்குவார்கள். இடத்தைப் பொறுத்து ஏக்கருக்கு 10 டாலர், 15 டாலர், தெற்கு டெக்சஸில் பெரிய கொம்பு மான் கிடைக்கிற இடமென்றால் அதற்கும் மேல். ஆயிரம் ஏக்கர் பண்ணை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பேராகப் பிரித்தாலும் ஆளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் போகும். சோளம், பெட்ரோல், தங்குமிடச் செலவு எல்லாம் தனி. 25 டாலர் லைசென்ஸ் எங்கே, இது எங்கே!

இந்த விலை ஏறுவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நிலத்தின் விலையே ஏறிவிட்டது. டெக்சஸில் கிராமப்புற நிலம் 2019-ல் சராசரியாக ஏக்கர் 3,000 டாலருக்குக் கீழே இருந்தது. 2022-ல் 4,000 டாலரைத் தாண்டியது. கோவிட் காலத்தில் நகரத்துப் பணம் நிலத்தைத் தேடிக்கொண்டு வந்தது. பெரியவர் இறந்ததும் பிள்ளைகள் பண்ணையைப் பிரித்து விற்கிறார்கள். ஐயாயிரம் ஏக்கராக இருந்தது நூறு ஏக்கர் துண்டுகள் ஆகிறது. நூறு ஏக்கர் வாங்கியவர் அதில் வெளியாளை விடுவதில்லை, தன் குடும்பத்துக்கே வைத்துக்கொள்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு குழு பல வருடமாக ஒரே பண்ணையில் வேட்டையாடிவந்தது. அவர்களின் பிள்ளைகள் முதல் மானை அங்கேதான் சுட்டார்கள். நிலம் கைமாறியது. புதிய சொந்தக்காரர் குத்தகையை ஒரே தாவில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தினார். அந்தக் குழுவில் பள்ளி ஆசிரியர் ஒருவர், மெக்கானிக் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். பரணைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வேறு இடம் இன்னும் அமையவில்லை.

பண்ணைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மழை பொய்த்தால் மாட்டுக்குத் தீவனம் வாங்கவேண்டும். வரி கட்டவேண்டும். மாட்டைவிட மான்தான் அதிக வருமானம் தருகிறது என்று சொல்லும் பண்ணைகள் இங்கே நிறைய. அந்த வருமானம் இல்லாவிட்டால் சில பண்ணைகள் எப்போதோ மனைகளாக மாறியிருக்கும். குத்தகை வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. காட்டுப்பன்றி பயிரை நாசம் பண்ணுகிறது என்று எல்லாரும் புலம்புகிறார்கள். தனியார் நிலத்தில் பன்றியைச் சுட லைசென்ஸே தேவையில்லை என்று 2019-ல் சட்டம்கூட வந்தது. அப்படியும் பல இடங்களில் பன்றி சுடப் போகிறவரிடம் நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கிறார்கள்.

டெக்சஸுக்கு வெளியே போனால் வேறு வடிவங்களில் இதே கதை. தென்கிழக்கு மாநிலங்களில் காகிதக் கம்பெனிகள் லட்சக்கணக்கான ஏக்கர் பைன் காட்டை வைத்திருந்தன. உள்ளூர் வேட்டை கிளப்புகளுக்குக் குறைந்த குத்தகையில் விட்டுவந்தன. அந்தக் கம்பெனிகளுக்கு மரம்தான் முக்கியம். 2006-ல் இன்டர்நேஷனல் பேப்பர் கம்பெனி தன் காடுகளில் 50 லட்சம் ஏக்கருக்கு மேல், சுமார் 600 கோடி டாலருக்கு, முதலீட்டு நிறுவனங்களிடம் விற்றது. மற்ற கம்பெனிகளும் இப்படியே விற்றன. முதலீட்டாளர் ஒவ்வொரு ஏக்கரிலிருந்தும் என்ன வரும் என்று பார்ப்பார். குத்தகையும் அதில் ஒரு வரவுதானே.

சமவெளி மாநிலங்களில் சோளத்தின் விலை இதைச் செய்தது. விளைச்சல் குறைந்த நிலத்தைப் புல்லாக விட்டுவைத்தால் விவசாயிக்குப் பணம் கொடுக்கும் மத்தியத் திட்டம் 1985-ல் வந்தது. 2007-ல் அப்படி இருந்த நிலம் 3 கோடியே 60 லட்சம் ஏக்கருக்கு மேல். எத்தனால் தேவையால் சோளம் விலை ஏறியதும் விவசாயிகள் உழத் தொடங்கினார்கள். 2015-க்குள் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் குறைந்துவிட்டது. தெற்கு டகோட்டாவில் வேட்டையாடுகிற ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகைப் பறவைகளுக்கு அந்தப் புல்தான் வீடு.

மேற்கு மாநிலங்களின் நிலைமைதான் எனக்கு எப்போதும் கோபத்தைத் தருவது. அங்கே பொது நிலத்துக்குப் பஞ்சமில்லை. வயோமிங்கில் கிட்டத்தட்ட பாதி மத்திய அரசின் நிலம். ஆனால் போக வழியில்லை. 1860-களில் ரயில்பாதை போடுவதற்காக, பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் ரயில் கம்பெனிக்கு, அடுத்த சதுர மைல் அரசுக்கு என்று மாற்றி மாற்றிப் பிரித்தார்கள். வரைபடத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரியே இருக்கும். ரயில் கம்பெனியின் கட்டங்கள் பிறகு தனியார் கைக்குப் போயின. அரசுக் கட்டங்கள் நடுநடுவே மாட்டிக்கொண்டன. ஓர் அரசுக் கட்டமும் இன்னொரு அரசுக் கட்டமும் தொடுவது மூலையில் மட்டும்தான். இப்படி மூலையில் மாட்டிக்கொண்ட பொது நிலம் மட்டும் மேற்கில் 83 லட்சம் ஏக்கர் என்று வரைபடச் செயலி நடத்தும் ஆன்எக்ஸ் நிறுவனம் 2022-ல் கணக்கிட்டது. எல்லா வகையிலும் வழியடைபட்ட பொது நிலத்தைக் கூட்டினால் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல். நம் தமிழ்நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட பாதி!

2020-லும் 2021-லும் மிசௌரி மாநிலத்து வேட்டைக்காரர்கள் சிலர் வயோமிங்கின் எல்க் மவுண்டன் மலைக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரும் பணக்காரரின் பண்ணை, 20,000 ஏக்கருக்கு மேல். அவர்கள் ஒரு பொதுக் கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுக் கட்டத்தின் மூலைக்குத் தாண்டினார்கள். இரண்டாவது வருடம் அதற்கென்றே ஓர் இரும்பு ஏணி செய்து கொண்டுபோனார்கள். தனியார் மண்ணில் ஒரு கால்கூடப் படவில்லை. காற்றில் உடம்பு கடந்தது, அவ்வளவுதான். அதற்கு அத்துமீறல் என்று கிரிமினல் வழக்கு. 2022-ல் ஜூரி விடுவித்தது. நிலக்காரர் சிவில் வழக்குப் போட்டு, தன் நிலத்தின் மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்துவிட்டது என்றார். யோசித்துப் பாருங்கள், அந்த மதிப்பில் பெரும்பகுதி, மக்களின் நிலத்தை மக்கள் எட்ட முடியாமல் இருந்ததன் விலைதானே? 2023-ல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட் என்ற வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தன. பொது நிலத்தை வழிமறித்து அடைப்பதைத் தடுக்கும் 1885-ன் சட்டம் ஒன்றுதான் கைகொடுத்தது. மாட்டுப் பண்ணை முதலாளிகளை நினைத்துப் போட்ட பழைய சட்டம்! உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் நிலக்காரரின் மனுவை எடுக்க மறுத்துவிட்டது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தும். மொன்டானா வேறு சர்க்யூட்டில் இருப்பதால் அங்கே இது கட்டுப்படுத்தாது.

வேட்டைக்காரர்களுக்கு இடமில்லாமல் போனால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. 1937-ல் கொண்டுவந்த ஒரு சட்டப்படி, ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி, அது நேராக மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. லைசென்ஸ் பணமும் அங்கேதான் போகிறது. வாத்து வேட்டைக்கு 1934 முதல் ஒரு ஸ்டாம்ப் வாங்கவேண்டும். இப்போது விலை 25 டாலர். அந்தப் பணத்தில் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் ஈரநிலமும் வாழிடமும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பறவை பார்க்கப் போகிற நம்மில் பலர் நடக்கிற சரணாலயங்கள் அவை. 1982-ல் சுமார் 1 கோடியே 70 லட்சம் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். 2016-ல் 1 கோடியே 15 லட்சம். விட்டவர்களிடம் ஏன் என்று கேட்டால், போக இடமில்லை என்பது அடிக்கடி கேட்கிற பதில்.

வழி இல்லாமல் இல்லை. மொன்டானா 1985 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. பண்ணைக்காரர் தன் நிலத்தைப் பொதுமக்கள் வேட்டைக்குத் திறந்துவிட்டால், வந்துபோகும் ஆட்களின் கணக்குப்படி அரசு அவருக்குப் பணம் கொடுக்கும். வேட்டைக்காரர் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். சுமார் 70 லட்சம் ஏக்கர் இப்படித் திறந்திருக்கிறது. நிலம் கிட்டத்தட்ட முழுவதும் தனியாரிடமே இருக்கிற கான்சஸ்கூட, 1995-ல் தொடங்கிய திட்டத்தால் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் திறந்துவைத்திருக்கிறது. டெக்சஸ் இதைப் பெரிய அளவில் செய்யவேண்டும் என்பது என் கட்சி. பண்ணைக்காரருக்கும் வருமானம், மெக்கானிக்குக்கும் மான்.

இருக்கிற பொது நிலமும் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களின் மத்திய அரசு நிலத்தில் 20 முதல் 30 லட்சம் ஏக்கர் வரை விற்கும் ஏற்பாட்டை, யூட்டா செனட்டர் மைக் லீ பட்ஜெட் மசோதாவில் சேர்க்கப் பார்த்தார். அவர் கட்சிக்கே ஓட்டுப் போடும் வேட்டைக்காரர்கள் போன் போட்டுப் போட்டு அலுவலகங்களைத் திணறடித்தார்கள். மலையேறுபவர்களும் மீன்பிடிப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2017-லும் இதே மாதிரி ஒரு மசோதா வந்து, இதே மாதிரி எதிர்ப்பில் விழுந்தது.

டெக்சஸில் இருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். மாநில வனவிலங்குத் துறை வருடாவருடம் குலுக்கல் முறையில் பொது வேட்டைக்கு இடம் தருகிறது. விண்ணப்பம் கோடையில் தொடங்கும், கட்டணம் சில டாலர்தான். பிள்ளைகளுக்கென்றே தனிக் குலுக்கலும் உண்டு. விண்ணப்பிக்கிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டித்தான் அதிக நிலம் வேண்டுமென்று துறையால் சட்டமன்றத்தில் கேட்க முடியும். அதனால் இந்த வருடம் வேட்டைக்குப் போக நேரமில்லை என்றாலும் விண்ணப்பத்தைப் போட்டுவையுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.