சுடுமல்லியை எழுப்பாத வேர்

வணக்கம் நேயர்களே. மானாவாரியில் சோளம் போடுகிறவர்களுக்குச் சுடுமல்லியைத் தெரிந்திருக்கும். சின்ன வெள்ளைப் பூ, பார்க்க அழகுதான். ஆனால் அது தலைகாட்டும்போதே சோளம் வாடத் தொடங்கியிருக்கும். மண்ணுக்குள் சோள வேரைத் துளைத்து, நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டுதான் அது வெளியே வருகிறது.

இதன் விதை தூசி மாதிரி. ஒரு செடியே பல்லாயிரம் விதை போடும். அவை 10 ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மழை பெய்தால் மட்டும் முளைக்காது. அருகில் வேர் இருப்பது தெரிய வேண்டும். வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருள் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

சரி, தனக்கே ஆபத்தான ஒன்றைச் செடி ஏன் கசியவிடுகிறது? 2005-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் விடை கண்டார்கள். பாஸ்பரஸ் என்ற மணிச்சத்தைத் தேடித் தரும் வேர்ப்பூஞ்சைக்கு அது அழைப்பு. மண்ணில் மணிச்சத்து குறையக் குறைய அழைப்பு கூடும். சுடுமல்லியும் அதைக் கேட்டு விழித்துவிடும். வளம் குன்றிய நிலத்தை, அதாவது உரம் வாங்க வழியில்லாதவரின் நிலத்தையே இந்தக் களை அதிகம் வாட்ட இது முக்கியக் காரணம். எனக்கு மனம் ஆறாத விஷயம் இது.

ஆப்பிரிக்காவில் சுடுமல்லியின் இனச் செடிகள் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் அழிக்கின்றன. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா, அவற்றை எதிர்க்கும் சோள ரகங்களை உருவாக்கி 2009-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அப்படி எதிர்க்கும் சோளத்தின் ரகசியம் 2017-ல் வெளியானது. எல்ஜிஎஸ்1 என்ற மரபணு அதில் வேலை செய்யவில்லை. அதனால் வேர் கசிவது நிற்கவில்லை, கசியும் பொருளின் வடிவம் மாறிவிட்டது. அந்தப் புது வடிவத்துக்குக் களை விதை பெரும்பாலும் முளைப்பதில்லை. நஞ்சு இல்லாமல், சண்டை இல்லாமல் தப்பிக்கிறது பயிர்! இதைவிடச் சிக்கனமான எதிர்ப்பை நான் அறியேன்.

முளைத்து ஒட்டிவிட்டாலும் எல்லாம் போய்விடாது. தட்டைப்பயறைத் தாக்குவதும் சுடுமல்லியின் இனச் செடி ஒன்றுதான்; சில தட்டைப்பயறு ரகங்களில், அது துளைத்த இடத்துச் செல்கள் தாமே மடிந்து வழியை அடைத்துவிடுகின்றன.

எதிர்க்கும் ரகம் கையில் இல்லாதவர்கள் சோளத்துக்கு மாற்றாகப் பருத்தி போடலாம். பருத்தி வேரும் சுடுமல்லி விதையை எழுப்பும், ஆனால் அதில் ஒட்டிப் பிழைக்க முடியாமல் முளை செத்துவிடும். அப்புறம், வயலில் மிஞ்சியதைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.