வழவழவென்று ஒரு ஆபத்து

நேயர்களுக்கு வணக்கம். கடைசி தோசை போன பிறகு ஹோட்டல் அடுக்களையில் இன்னொரு வேலை தொடங்கும். அடுப்பு மேடை, எண்ணெய்ச் சட்டி, புகைபோக்கி என்று எல்லாவற்றிலும் ஏறிய பிசுக்கை எடுக்கிற வேலை. அதற்கு வாங்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா.

ஆசிட் பட்டால் சுரீரென்று எரியும், கையை உதறுவோம். காஸ்டிக் அப்படி இல்லை. முதலில் வழவழவென்றுதான் இருக்கும். "ஒண்ணுமில்லண்ணே, சோப்பு மாதிரிதான் இருக்கு" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். அவர் சொன்னது பாதி சரி. எண்ணெயைச் சோப்பாக்கித்தான் காஸ்டிக் பிசுக்கை எடுக்கிறது. தோலில் பட்டால் அங்கிருக்கும் கொழுப்பையும் அப்படியே சோப்பாக்கும். எரிச்சல் தெரிவதற்குள் உள்ளே இறங்கியிருக்கும்.

கண்ணில் பட்டால் இன்னும் மோசம், பார்வையே போகலாம். ஒரு சொட்டு தெறித்தாலும் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் உடனே ஆஸ்பத்திரி. எலுமிச்சம்பழம் பிழிகிறேன் என்று யாராவது ஓடிவந்தால் விடாதீர்கள். முழங்கை வரை ரப்பர் கையுறையும் பக்கம் மூடிய கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கரைக்கும்போது பச்சைத் தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினிய அண்டா வேண்டவே வேண்டாம்: அலுமினியம் அரிக்கப்பட்டு, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். புகைபோக்கியின் வலை அலுமினியமாக இருந்தால் அதையும் ஊறப்போடாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது பாட்டில் விஷயத்தில்தான். கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றி, பழைய தண்ணீர் பாட்டிலில் வைத்துவிடுகிறார்கள். தாகத்தில் வருகிறவருக்கு என்ன தெரியும்? யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியே திரும்பி வரும்போதும் தொண்டையைச் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மிச்சக் கலவையைச் சூட்டோடு பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. கரைந்த கொழுப்பு, கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிடித்து வைக்கும் கிரீஸ் டிராப்பைத் தாண்டிப் போய், ஆறியதும் தெருக் குழாயில் கட்டிக்கொள்ளும். சாக்கடையில் விடும் கழிவுநீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு (7 என்றால் நடுநிலை), 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இந்தக் கலவை 13-ஐத் தொடும். தொட்டி நிறைய இருந்தால் சுத்திகரிப்பு வசதி உள்ளவர்களிடம் கொடுங்கள். மழைநீர் வடிகாலில் மட்டும் ஊற்றாதீர்கள், அது நேராக ஆற்றுக்கோ குளத்துக்கோ போகிற வழி.

இவ்வளவு கலவை சேராமலே பார்த்துக்கொள்ளலாம். கல்லின் சூடு முழுதாக ஆறுவதற்கு முன்பே தோசைத் திருப்பியால் பிசுக்கைச் சுரண்டி, பழைய பேப்பரில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். காஸ்டிக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் இருக்கும்.