ஹில்டாவைக் கேட்டீர்களா?

வணக்கம் நண்பர்களே. இன்று வெளியே எங்கும் போகவில்லை, வீட்டிலேயே உட்கார்ந்து பேசுகிறேன். ஒரு வாரமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒரே குழுவைத்தான்: தென்னாப்பிரிக்காவின் மஹோடெல்லா குவீன்ஸ். அதில் முன்னணிக் குரல் ஹில்டா ட்லூபாட்லா. அவரைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1942-இல் பிறந்தவர். ஜோகனஸ்பர்க்குக்குக் கிழக்கே, ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க நகரத்துப் பக்கம் வளர்ந்தவர். 1964-இல் காலோ இசைத்தட்டுக் கம்பெனி, கறுப்பின மக்களுக்கான இசைக்கென்று மவுத்தெலா என்ற பிரிவைத் தொடங்கியது. அதை நடத்திய ரூபர்ட் போபாபே பெண் குரல்களைத் தேடிச் சேர்த்தார். ஹில்டா உள்ளே வந்தது அப்போதுதான். வயது இருபத்திரண்டு.

அந்த இசைக்குப் பெயர் ம்பகாங்கா. ஜூலு மொழியில் அது சோளமாவில் செய்யும் ஒரு சாப்பாட்டின் பெயர். அன்றாடம் சாப்பிடுவது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. மின்சார கிதார் ஒன்று துள்ளிக்கொண்டே இருக்கும், பேஸ் கிதார் தரையை உதைக்கும். வாசித்தவர்கள் மகோனா ட்ஸோலே குழுவினர். பெயருக்கே 'எல்லாம் செய்யத் தெரிந்தவர்கள்' என்று பொருள். மார்க்ஸ் மங்க்வானேயின் கிதாரைத் தனியாகவே கேட்கலாம், அவ்வளவு அழகு.

அதற்கு மேலே, இந்தப் பெண்களோடு பாடிய சைமன் ந்கபிண்டே, அதாவது மஹ்லதினி, அடிவயிற்றிலிருந்து உறுமுவார். ஜோகனஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவின் பெயரால், 'சோவெட்டோவின் சிங்கம்' என்றே அவரைக் கூப்பிட்டார்கள். முதல்முறை கேட்கிற யாரும் அவரைத்தான் கவனிப்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். மூன்றாம் நாள்தான் பெண்களின் பக்கம் காது போனது. நாம் கோரஸ் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோமே, அது இல்லை இது. ஹில்டா ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு சுரத்தில் அதை வாங்கி, ஒரே மூச்சாகத் திருப்பித் தருவார்கள். சிங்கம் உறுமுவதற்கான இடத்தையே இந்தப் பெண்கள்தான் போட்டுக் கொடுக்கிறார்கள்.

ஆனால் பாருங்கள், இவர்கள் பாடிய தட்டுகள் எல்லாம் ஒரே பெயரில் வரவில்லை. அதே பெண்கள் ஒன்றில் டிமா சிஸ்டர்ஸ், இன்னொன்றில் ம்துன்சினி கேர்ல்ஸ். கடையில் தட்டு வாங்கியவருக்குப் பாடியது யார் என்றே தெரிந்திருக்காது. பணத் தகராறில் 1970களின் தொடக்கத்தில் மஹ்லதினி விலகினார், பழைய பாடகிகளும் போனார்கள். கம்பெனி வேறு பெண்களைச் சேர்த்து, அதே மஹோடெல்லா குவீன்ஸ் பெயரிலேயே தொடர்ந்தது. குரல் இவர்களுடையது, பெயர் கம்பெனியுடையது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சரி, 1980களுக்கு வருவோம். ஹில்டா, நோபெசுத்து ம்பாடு, மில்ட்ரெட் மங்க்ஸோலா ஆகிய மூவரும் மஹ்லதினியுடன் மீண்டும் சேர்ந்தார்கள். 1987-இல் 'தோகோசிலே' ஆல்பம் வந்தது. அடுத்த வருடம் ஜூன் 11, லண்டன் வெம்ப்ளி மைதானம், நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாள் கச்சேரி. மண்டேலா அப்போதும் சிறையில்தான் இருந்தார். அவருடைய நாட்டில் இருந்து வந்த இந்தப் பெண்கள், நாற்பதைத் தாண்டிய வயதில், அந்த மேடையில் ஆடிப் பாடினார்கள். பாட்டும் ஆட்டமும் இவர்களுக்குத் தனித்தனி இல்லை. கால் தரையில் விழுகிற இடமும் தாளத்தில் ஒரு பங்குதான்.

அப்புறம் இழப்புகள் அடுத்தடுத்து வந்தன. 1998-இல் மார்க்ஸ் மங்க்வானேயும், சாக்ஸபோன் வாசித்த வெஸ்ட் ந்கோசியும் போனார்கள். 1999-இல் மஹ்லதினி. குழு அதோடு கலைந்திருக்கலாம். கலையவில்லை. 2001-இல் 'செபாய் பாய்' ஆல்பத்தை மூன்று பெண்களும் தங்கள் பெயரிலேயே கொண்டுவந்தார்கள். உறுமல் இல்லாத அந்த ஆல்பத்தை, மன்னியுங்கள், நான் பழையதைவிட அதிகமாகவே விரும்புகிறேன். பின்னால் ஒளிந்துகொள்ள எதுவும் இல்லாமல் மூன்று குரலும் முன்னால் நிற்கின்றன.

நோபெசுத்து 2021 ஆகஸ்ட்டில் காலமானார்.

இன்று இரவு 'தோகோசிலே'யை ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். முதல்முறை மஹ்லதினிக்காகக் கேளுங்கள், பரவாயில்லை. இரண்டாம் முறை ஹில்டா வரி எடுத்துக் கொடுக்கும் இடத்தைப் பிடியுங்கள். மூன்றாம் முறை அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு குரல்களையும் தனித்தனியாகப் பிரிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, கீழே எழுதுங்கள். எனக்கு இன்னும் முழுசாகப் பிரிக்க வரவில்லை.