கிளையை விட்டு அகலாத உழுவை

நேயர்களுக்கு வணக்கம். நந்திக்கடலோரம் வளர்ந்தவர்களுக்கு உழுவை மீனை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. சிறுவயதில் அதைப் பிடித்துப் போத்தலில் விட்டவர்கள், அது வயிற்றால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றதைக் கண்டிருப்பார்கள். அதன் இரண்டு வயிற்றுச் செட்டைகளும் இணைந்து சிறு கிண்ணம்போல் ஆகியிருப்பதே அந்தப் பிடிப்புக்குக் காரணம். இதே கிண்ணத்தின் துணையோடு முருகைக்கற்களின், அதாவது பவளப்பாறைகளின், கிளைகளுக்கிடையே வாழ்கின்ற, விரலளவுகூட வளராத உழுவை இனங்கள் சில, ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி வாழக்கூடியவை.

இதை வெறும் விந்தையாகச் சொல்லிக் கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் வீட்டைப் பார்த்தால்தான் காரணம் விளங்கும். ஒரு முருகைக்கல்லில் பெரும்பாலும் ஒரு சோடிதான் குடியிருக்கும். பெண் இட்ட முட்டைகளை ஆண் காவல் காக்கும். சோடியில் ஒன்று இறந்துபோனால், எஞ்சியது துணை தேடி வெட்டவெளியில் நீந்தவேண்டும். அந்தச் சில மீற்றர் தூரத்துக்குள்ளேயே அது பெரிய மீனுக்கு இரையாகிவிடலாம். உயிர்தப்பி வேறொரு கல்லை அடைந்தாலும், அங்கே தனித்திருப்பது தன் பாலைச் சேர்ந்ததாகவே இருக்கக்கூடும். அப்போது இரண்டில் ஒன்று பால் மாற, அலைச்சல் அத்தோடு முடிகிறது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரில் ஆய்வாளர்கள் ஒரே பாலைச் சேர்ந்த இரு மீன்களை ஒரு கல்லில் விட்டுப் பார்த்து, இம்மாற்றம் இரு திசையிலும் நிகழ்வதை 1998ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

நம் வாடிகளில் நிறுக்கப்படும் கலவாயும் பால் மாறும் மீன்தான்; ஆயினும் அது வழமையாகப் பெண்ணிலிருந்து ஆணாக மாறுவதோடு நின்றுவிடுகிறது. யப்பானில் ஆராயப்பட்ட ஒரு சிறு உழுவை இனத்திலோ, முட்டை உருவாகும் சூலகமும் விந்து உருவாகும் விதையும் ஒரே உடலில் எப்போதும் இருக்கின்றன. ஒருநேரத்தில் ஒன்றுதான் தொழிற்படுகிறது. ஆண் ஓமோனைப் பெண் ஓமோனாக மாற்றும் நொதியம் கூடினால் சூலகமும், குறைந்தால் விதையும் மேலோங்குகின்றன.

1998இல் கடல்நீர் சூடேறியபோது இலங்கையின் பல பகுதிகளில் ஆழங்குறைந்த கடலின் முருகைக்கற்களில் பெரும்பகுதி வெளிறி இறந்தது. கிளைவிடும் இனங்கள் வெப்பத்தை எளிதில் தாங்குவதில்லை. உடலை மாற்றித் துணை தேடிக்கொள்ளும் இந்த உழுவைகள் குடியிருப்பதும் அந்தக் கிளைகளில்தான்.