இறையாத கிணறு

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் அதிபர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருக்கும் மூன்று கட்சிகளின் பிரதேச சபை உறுப்பினர்களே, வாசிகசாலைப் பிள்ளைகளே, அம்மாமாரே, ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

அதிபரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் இந்த மண்டபத்தில் அரிக்கன் லாம்பு வைத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பிள்ளைகள் சிலர் இன்று இங்கே தாய் தகப்பனாக இருக்கிறார்கள். விழாச் செலவுக்குப் பணம் அனுப்பிய வெளிநாட்டு உறவுகளுக்கும், பந்தல் போட்ட பெடியளுக்கும், காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் அம்மாமாருக்கும் நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு, கூட்டு அரசாங்கமும் தமிழ்ச் சனமும். கொழும்பில் அமைந்த கூட்டு, எங்கள் சபைகளில் அமைந்த கூட்டு, அதில் இளம் ஆட்களின் வேலை என்று மூன்று விடயம் பேச வந்தேன்.

கூட்டு என்றவுடன் எனக்கு எங்கள் தோட்டக் கிணறுதான் நினைவுக்கு வரும். அம்மப்பாவின் காணி உறுதியிலே எழுதியிருக்கும்: இத்தனை பரப்புக் காணியும், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், வழியும், வாய்க்காலும் என்று. துலா மிதித்த காலத்தில் சண்டை இல்லை. ஒருவர் மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்தி மாற, ஒரு வீட்டுக்கு மற்ற வீடு தேவைப்பட்டது. பிறகு மிசின் வந்தது. தனி ஆளாக இறைக்கலாம் என்று ஆனதும் முறை குழம்பியது. அம்மப்பாவின் முறை நாளில், விடியமுதல், இரண்டாம் பங்காளி மிசினைப் போட்டு வாய்க்காலைத் தன் வெங்காயத்துக்குத் திருப்பிவிட்டார். வாய்ச்சண்டை வந்தது. மண்வெட்டி தூக்கினார்கள். கோட்டுக்குப் போனார்கள். வழக்கு முடியும்வரை ஒருவரும் இறைக்கக்கூடாது என்று ஆளுக்காள் அடம். மூன்று போகம் போனது. கமுகோலை விழுந்து ஊறிக் கிடந்தது, பாசி பிடித்தது, கட்டுக்குக் கிட்டப் போனால் நாற்றம்.

ஒருநாள் ஆச்சி மூன்று பேரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். தானே வாளியை விட்டு அள்ளினார். மூன்று செம்பில் ஊற்றி, ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். "குடியுங்கோ" என்றார். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. "இந்தத் தண்ணிக்கோ மூண்டு பேரும் வழக்காடுறியள்? இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்."

அடுத்த ஞாயிறு மூன்று வீட்டாரும் சேர்ந்து கிணற்றைக் கலக்கி இறைத்தார்கள். பிறகு எழுதினார்கள்: எந்தக் கிழமை யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, ஒரு வீட்டில் செத்தவீடு வந்தால் அந்த முறை யாருக்கு. எழுதிய தாளை மிசின் கொட்டில் கதவில், போகிற வருகிற எல்லோரும் பார்க்க, ஆணி வைத்து அறைந்தார்கள்.

இனி அரசியலுக்கு வருகிறேன். 1965 மார்ச் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. தமிழரசுக் கட்சியின் கையில் 14 ஆசனம். ஆட்சிக்கு ஆதரவு தர, ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்காவும் தமிழரசுக் கட்சியின் தந்தை செல்வாவும் மார்ச் 24 இல் ஒப்பந்தம் எழுதினார்கள். மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபை வரும் என்று சனம் காத்திருந்தது. 1968 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, திருச்செல்வமும் பதவி விலகினார். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. எந்த மாதம் எந்தச் சட்டம் என்ற முறை நாள்தான் அதில் இல்லை. தந்தை செல்வாவின் நேர்மையில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அதனால்தான் அந்த ஏமாற்றம் இன்றும் நெஞ்சில் கிடக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2024 இல் பாரதிய ஜனதாவுக்கு 240 ஆசனம், பெரும்பான்மைக்குத் தேவை 272. ஆந்திராவின் தெலுங்கு தேசக் கட்சியிடம் 16. தேர்தல் முடிந்து அடுத்த மாதமே, ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் ஆந்திராவின் அமராவதித் தலைநகருக்கு 15,000 கோடி ரூபா ஒழுங்கு செய்வதாக அறிவித்தார்கள். ஆதரவு இன்னதுக்கு என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

எங்கள் சபைகளுக்கு வருவோம். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் யாழ். மாநகர சபையின் 45 இடங்களில் எந்தக் கட்சிக்கும் 23 கிடைக்கவில்லை. மேடையில் ஏசிக்கொண்டவர்கள் சபையில் சேர்ந்து கையுயர்த்த வேண்டிய நிலை. அதை நான் குறை சொல்லமாட்டேன், சனம் அப்படித்தான் வாக்களித்தது. 2020 டிசம்பரில் இதே மாநகர சபையில் வரவு செலவுத் திட்டம் இரண்டு தரம் தோற்று மேயர் மாறியதை மறந்துவிடாதீர்கள். முன்வரிசையில் இருக்கும் உறுப்பினர்களை அன்போடு கேட்கிறேன்: உங்களுக்குள் என்ன பேசி முடித்தீர்கள்? எந்த ஒழுங்கை எப்போது தார் போடுவது, குப்பை வண்டி எந்தக் கிழமை வரும்? அதை எழுதி இந்த வாசிகசாலைக் கதவில் ஒட்டுங்கள்.

நான் உண்மையில் பேச வந்த கிணறு இனித்தான். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தோடு மாகாண சபை வந்தது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21 இல்தான் நடந்தது. 38 இடங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். அந்தச் சபையின் குறைகளை நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதே மாதம் 26 ஆம் திகதி கொழும்பில் யார் பிரதமர் என்ற இழுபறி தொடங்கி ஏழு கிழமை போனது. எங்கள் சபை கலைந்ததை யார் கவனித்தார்கள்? 2017 இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் செய்தார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 இல் தோற்கடித்தது, பழைய முறையும் இல்லை புதிய முறையும் இல்லை. அன்றிலிருந்து மாகாண நிர்வாகம் ஆளுநரின் கையில். ஒன்பது மாகாணத்துக்கும் இதே கதி.

இறையாத கிணறு நாறும், ஐயாமாரே!

பழைய விகிதாசார முறையில் தேர்தல் வைக்கப் பாராளுமன்றத்தில் சாதாரண பெரும்பான்மை போதும். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இல் 3 ஐயும் நாங்களே கொடுத்தோம். அவர்களுக்குக் கூட்டுத் தேவையில்லை, சாட்டும் இல்லை. எங்கள் கட்சிகளுக்கும் சொல்கிறேன்: சமஷ்டி கிடைக்கும்வரை வாளியைத் தொடமாட்டோம் என்று நிற்காதீர்கள். நானும் சமஷ்டி கேட்கிறவன்தான். கையில் இருக்கும் கிணற்றை இறைத்துக்கொண்டே கேட்போம்.

பிள்ளைகளின் நடனம் காத்திருப்பதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். இளம் ஆட்களைப் பற்றிய மூன்றாவது விடயத்தை இன்னொரு மேடையில் பேசுகிறேன். மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறிக்கச் சொல்லும் கடிதம் வாசிகசாலைப் பத்திரிகை மேசையில் இருக்கிறது. பேனையும் வைத்திருக்கிறேன். போகும்போது பெயரும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து அதிபர் அவர்களுடையது.