பார்சிலோனாவில் ஐந்து ராத்திரி

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் உள்நாட்டுப் போர் நடக்கிற நாட்டுக்குப் போனார் என்றால், நாம் முதலில் விரிக்க வேண்டியது வரைபடம். அவர் பேசியதெல்லாம் அப்புறம்.

1938 ஜூனில் நேரு, கிருஷ்ண மேனனோடு ஸ்பெயின் போனார். ஐந்து நாள், பார்சிலோனா. மாட்ரிட் போகவில்லையே என்று கேட்கலாம். எப்படிப் போவது? ஏப்ரல் 15-ஆம் தேதியே, குடியரசு அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய ஜெனரல் பிராங்கோவின் படை வினரோஸ் என்ற ஊரில் மத்தியதரைக் கடலைத் தொட்டுவிட்டது. குடியரசின் நிலம் இரண்டு துண்டு. மாட்ரிட் மற்றத் துண்டில்.

ராத்திரிதோறும் குண்டு விழுவதை அவர் பார்த்தார். பிராங்கோவுக்குத் துணை நின்ற இத்தாலியின் விமானங்கள் மயோர்க்கா தீவிலிருந்து வந்தன. தூரம் சுமார் 200 கிலோமீட்டர், நமக்குப் பெங்களூரு மாதிரி. அரை மணி சொச்சத்தில் தலைக்கு மேல் வந்துவிடும். வழியெல்லாம் கடல், கீழே பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. அதனால் சங்கு ஊதினால் ஓடி ஒளியச் சில நிமிஷம்தான். மார்ச் 16 முதல் 18 வரை மட்டும் சுமார் ஆயிரம் பேர் செத்தார்கள்.

ஜனங்கள் தரைக்கடியில் ஆயிரத்துக்கு மேல் பதுங்கிடம் தோண்டினார்கள். நுழைவழி மடங்கி மடங்கிப் போகும். நேராக இருந்தால் வெடிப்பின் காற்று உள்ளே பாய்ந்து நுரையீரலைக் கிழிக்கும். மடங்கினால் சுவரில் மோதி வலு குறையும். நம் கோட்டையின் பழைய வாசல்வழியும் வளைந்ததுதான், அது ஆளைத் தடுக்க.

கோதுமை விளைகிற பூமி பெரும்பாலும் பிராங்கோ கையில். ரேஷனில் ஓயாமல் பருப்பு, நம் மைசூர்ப் பருப்புக்கு உறவு. குடியரசின் பிரதமர் நெக்ரின் மருத்துவப் பேராசிரியர் அல்லவா, ஜனங்கள் அதற்கு 'டாக்டர் நெக்ரின் மாத்திரை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பிராங்கோ பக்கம் நேரு எட்டிப் பார்க்கவில்லை. நடுநிலை வேஷம் கட்ட அவர் போகவில்லை. 1936-இல் ரோமில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியைப் பார்க்கவே மறுத்தவர். ஆனாலும் விருந்தாளிக்குக் கிடைப்பது வீட்டுக்காரர் காட்டுகிற அறைதான். குடியரசின் தளபதி லிஸ்டரைச் சந்தித்தார், குடியரசுக்காகப் போரிட வெளிநாடுகளிலிருந்து வந்த பன்னாட்டுப் படையினரைப் பார்த்தார். 1937 மே மாதம் அதே பார்சிலோனாத் தெருக்களில் குடியரசுத் தரப்பே தங்களுக்குள் சுட்டுக்கொண்டதே, அந்தத் தழும்பை யார் காட்டுவார்கள்?

அவர் வந்துபோய் எட்டு மாதம்கூட நிற்கவில்லை. 1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனா விழுந்தது. இங்கே காங்கிரஸ்காரர்கள் கொடியேற்றிச் சுதந்திர நாள் உறுதிமொழி எடுத்த நாள் அது.