பாகம் பிரிச்சப்ப உழைச்சவங்களுக்கு என்ன கிடைச்சது? | சீனாவும் உலகமயமாக்கலும்

வணக்கம் மக்களே. சீனா, உலகமயமாக்கல்னு பேச்செடுத்தாலே முதல்ல தெற்குச் சீனாவுல இருக்கிற ஷென்சென் நகரத்தோட கதைதான் வரும். 1980ல சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆக்குனாங்க, இன்னைக்கு எப்படி வளர்ந்து நிக்குது பாருங்கம்பாங்க. இன்னொரு பக்கம் அமெரிக்காவுல, எங்க ஃபேக்டரி வேலையெல்லாம் சீனாவுக்குப் போயிருச்சுன்னு கோவப்படுவாங்க. ரெண்டுலயும் உண்மை இருக்கு. ஆனா அதே உலகமயமாக்கல்ல வேலை போன சீனாக்காரங்க எவ்வளவு பேருன்னு யாரும் பெருசா பேசுறது இல்ல. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

வடகிழக்குல ஷென்யாங்னு ஒரு நகரம். அதுல தியேஷின்னு ஒரு தொழிற்பகுதி. 1930கள்ல ஜப்பான் பிடியில இருந்தப்ப அங்க தொழிற்சாலைகள் வந்துச்சு. புரட்சிக்கு அப்புறம், 1950கள்ல, சோவியத் உதவியோட இன்னும் பெருசாச்சு. இயந்திரங்கள், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள்னு நாட்டுக்கே அங்க இருந்துதான் போச்சு. அங்க வேலை கிடைச்சா மாசச் சம்பளத்தோட முடியாது. குடியிருக்க வீடு, புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வயசான காலத்துல பென்ஷன், எல்லாமே அந்தத் தொழிற்சாலைதான். ரொம்ப காலம், அப்பா ரிட்டயர் ஆனா அவர் இடத்துக்கு மகனோ மகளோ போகலாம்ங்கிற ஏற்பாடு கூட இருந்துச்சு.

1986 ஜூலையில, உலக வர்த்தக அமைப்புக்கு முன்னாடி இருந்த காட் ஒப்பந்தத்துல மறுபடி சேரணும்னு சீனா விண்ணப்பம் போடுது. அடுத்த மாசமே ஷென்யாங்குல ஒரு தொழிற்சாலை திவாலாயிருச்சுன்னு அறிவிக்கிறாங்க. மக்கள் சீனக் குடியரசோட வரலாற்றுலயே முதல் திவால் அது. வெளி உலகத்தோட சேர்றதுக்கான பேச்சும், உள்ள பழைய தொழிற்சாலைகளைக் கழட்டி விடுறதும் அப்ப இருந்தே சேர்ந்தே நடந்துச்சு. அந்தப் பேச்சு 15 வருஷம் இழுத்துச்சு. கறுப்பு முடியோட பேச உட்கார்ந்தவங்களுக்கு நரைச்சே போச்சுன்னு பிரதமர் சூ ரோங்ஜியே சொன்னாரு. 2001 டிசம்பர் 11ல சீனா உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு.

அதுக்குள்ள உள்ள என்ன நடந்துச்சுன்னா, 1997ல கட்சி மாநாட்டுல முடிவு பண்றாங்க: பெரிய அரசு நிறுவனங்களைக் கையில வெச்சுக்கலாம், சின்னதை விட்டுடலாம்னு. 1998ல இருந்து அஞ்சாறு வருஷத்துல இரண்டரைக் கோடிக்கும் மேல அரசுத் தொழிலாளிங்க வீட்டுக்கு அனுப்பப்பட்டாங்க. எல்லாப் பழியையும் உலக வர்த்தக அமைப்பு மேல போடக் கூடாது. நிறைய ஆலைங்க நஷ்டத்துல, கடன்ல ஓடிட்டு இருந்துச்சு, தேவைக்கு மேல ஆளும் இருந்தாங்க. ஆனா சுங்க வரி குறையப் போகுது, வெளிநாட்டுச் சரக்கு வரப் போகுது, அதுக்குள்ள முடிச்சாகணும்ங்கிற அவசரம் அதுல இருந்துச்சு. வேலை போனப்ப அந்தக் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியும் பென்ஷனும் சேர்ந்தே ஆடிப் போச்சு. நாப்பது தாண்டின பொம்பளைங்க, அம்பது தாண்டின ஆம்பளைங்களுக்கு மறுபடி வேலையே கிடைக்கல. இவங்களுக்குன்னே தனித் திட்டம் போட வேண்டி வந்துச்சு.

உலக வர்த்தக அமைப்புல சேர்ந்து மூணே மாசத்துல, 2002 மார்ச்சுல, ஷென்யாங் பக்கத்துல லியாவ்யாங்ல ஆயிரக்கணக்கான தொழிலாளிங்க மாவோ படத்தைத் தூக்கிட்டுத் தெருவுக்கு வந்தாங்க. ஆலையைத் திட்டமிட்டுத் திவாலாக்கிட்டீங்க, சம்பள பாக்கி எங்க, பென்ஷன் எங்கன்னு கேட்டாங்க. முன்னாடி நின்ன ரெண்டு பேருக்கு அடுத்த வருஷம் ஏழு வருஷமும் நாலு வருஷமும் சிறை.

இதை வெச்சு சீனாவுல அறிவாளிங்க நடுவுல நடந்த விவாதம்தான் என்னை ரொம்பப் பாதிச்சது. சின் ஹுய்னு ஒரு வரலாற்று ஆசிரியர், கலாச்சாரப் புரட்சி காலத்துல குவாங்ஷி தன்னாட்சிப் பகுதியில ஒரு கிராமத்துல ஒன்பது வருஷம் இருந்தவர். அவர் சொல்ற உதாரணம் நமக்கு உடனே புரியும். ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். பாகம் பிரிக்கணும்னு ஒருத்தர், கூடவே கூடாதுன்னு இன்னொருத்தர் சண்டை. இந்தச் சண்டை நடக்கும்போதே குடும்பத் தலைவர் சொத்தைத் தன் பேருக்கு மாத்திட்டு, உழைச்ச தம்பிங்களை வெறும் கையோட வெளிய தள்ளிடுறாரு. பிரிக்கலாமா வேணாமான்னு கத்துறதை விட்டுட்டு, எப்படிப் பிரிச்சாங்கன்னு கேளுங்கங்கிறார் சின் ஹுய். அரசு ஆலைத் தொழிலாளிங்களும் அந்தத் தம்பிங்க மாதிரிதான். முப்பது வருஷம் கம்மிக் கூலிக்கு உழைச்சது, பின்னாடி பாத்துக்குவாங்கங்கிற நம்பிக்கையில. அந்த உழைப்புலதான் அந்த ஆலையே நிக்குது. அப்ப அதுல பங்கு யாருக்கு?

அவர் இன்னொண்ணும் சொல்றார். சீனா உலகச் சந்தையில ஜெயிச்சதுக்கு கூலி குறைவுங்கிறது மட்டும் காரணம் இல்ல. பேரம் பேசுற உரிமையே மக்களுக்கு இல்லாததுதான் பெரிய சாதகம்ங்கிறார். தொழிலாளி தனிச் சங்கம் வைக்க முடியாது, விவசாயி நிலத்தைத் தர மாட்டேன்னு சொல்ல முடியாது. கிராமத்துல இருந்து ஷென்சென், தோங்குவான் மாதிரி தொழில் நகரங்களுக்கு வந்தவங்களுக்கு, அந்த ஊர்க்காரங்கன்னு காட்டுற குடியிருப்புப் பதிவே கிடையாது. 2003ல குவாங்சோவுல தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில இல்லைன்னு பிடிச்சுட்டுப் போன ஒரு இளைஞர் காவல்ல அடிபட்டுச் செத்துப் போனாரு. நாடே கொதிச்சது, அப்படிப் பிடிச்சு வைக்க இடம் கொடுத்த விதியையே எடுத்தாங்க. இப்படி உரிமையைக் குறைச்சு உருவான விலையோட போட்டி போட முடியாமதான் மத்த நாடுகள்லயும் சங்கமும் பென்ஷனும் பலவீனமாகுதுங்கிறது அவர் வாதம். எனக்கு இது சரின்னுதான் படுது.

அவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறவங்க புதிய இடதுசாரிகள்னு சொல்லப்படுற அறிவாளிங்க. அவங்கள்ல வாங் ஹுய் முக்கியமானவர். சந்தையையும் அரசையும் எதிரெதிரா வைக்காதீங்க, சீனாவுல சந்தையைக் கொண்டு வந்ததே அரசோட பலம்தான்னு சொன்னார். தீர்வுல ரெண்டு பேரும் ரொம்ப தூரம். காயம் எங்கன்னு காட்டுறதுல பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க.

வெளிநாட்டுக் கம்பெனிங்க வந்தா உரிமையும் கூடவே வரும்னு அப்ப நிறைய பேர் நம்பினாங்க. 2006ல தொழிலாளர் ஒப்பந்தச் சட்ட வரைவை மக்கள் கருத்துக்கு விட்டாங்க. 1,90,000க்கும் மேல கருத்து வந்துச்சு. அந்த வரைவை எதிர்த்தவங்கள்ல அமெரிக்கக் கம்பெனிகளோட வர்த்தக அமைப்புகளும் இருந்தாங்க. சட்டம் கொஞ்சம் மாறி 2008ல அமலுக்கு வந்துச்சு.

2018ல ஷென்சென்ல ஜாசிக்னு வெல்டிங் கருவி செய்ற கம்பெனித் தொழிலாளிங்க, அரசு அனுமதிச்ச சங்கத்தோட கிளையைத்தான் தொடங்கப் பாத்தாங்க. வேலையும் போச்சு, கைதும் நடந்துச்சு. பீக்கிங் பல்கலைக்கழகம் உட்பட பல இடங்கள்ல இருந்து மார்க்சிய மாணவர்கள் ஆதரவா வந்தாங்க. ஆகஸ்ட்ல போலீஸ் அவங்களையும் பிடிச்சுட்டுப் போச்சு. மார்க்ஸ் பிறந்து இருநூறு வருஷம்னு பெய்ஜிங்ல அரசே பெரிய விழா எடுத்த அதே வருஷம். பாடப் புத்தகத்துல படிச்சதை நம்பி வந்த புள்ளைங்க அவங்க. அதைப் படிச்சப்ப எனக்கு மனசு ஆறல.

சீனாவுல ஃபேக்டரியில வேலை பாத்தவங்க, சரக்கெடுக்க தோங்குவான், யீவு பக்கம் போயிட்டு வர்றவங்க யாராவது இதைப் பாத்தீங்கன்னா, அங்க லைன்ல நிக்கிறவங்க உங்ககிட்ட என்ன பேசினாங்கன்னு எழுதுங்க. லியாவ்யாங் போராட்டத்தைப் பத்தி அடுத்து தனியா ஒரு வீடியோ போடுறேன்.